பரவூர் ஜூதப்பள்ளி: படிப்புரையிலிருந்து பேழை வரை

எறணாகுளத்திலிருந்து வடக்கே பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வடக்குப் பரவூர் வந்துவிடும். சந்தை, படகுத்துறை, கோயில்கள், பழைய சர்ச், நகராட்சி அலுவலகம் என்று கேரளத்தின் எந்தச் சிறு நகரத்திலும் இருப்பதெல்லாம் இங்கேயும் இருக்கிறது. ஒரு தெருவின் பெயர் மட்டும்தான் வித்தியாசம்: ஜூதத் தெரு. மலையாளத்தில் யூதரை ஜூதர் என்பார்கள். தெருவில் இன்று யூதக் குடும்பம் எதுவும் இல்லை. அவர்கள் விட்டுப்போன ஜெபக்கூடம் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரோடு நிற்கிறது. இப்போது அது கேரள யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம்.

ஊர்க்காரர்களுக்கு அது ஜூதப்பள்ளி. கேரளத்தில் சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி, யூதர் கூடமும் பள்ளி. சமணப் பள்ளி, பௌத்தப் பள்ளி என்று பழந்தமிழில் வழங்கியது இதே சொல்தான். நாம் அதைப் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டோம்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேரளத்தில் எட்டு ஜூதப்பள்ளிகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது இவற்றில் ஒன்றை மட்டும்தான்: 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெபக்கூடம். நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் பதித்த தரை, மணிக்கூண்டு, தொங்கும் கண்ணாடி விளக்குகள், எல்லாம் அழகுதான். ஆனால் கேரள யூதர்கள் ஜெபக்கூடத்தை எப்படித் திட்டமிட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் பரவூருக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. படிப்புரை என்கிற வாசல் கட்டடம், முற்றம், தூண் நடை, முன்னறை, ஜெபக்கூடம் என்ற வரிசை முழுசாக நிற்பது இங்கேதான்.

வீடுபேறு வாங்கிய வணிகர்

பரவூருக்கு மிக அருகில் பட்டணம் என்ற கிராமம் இருக்கிறது. 2007 முதல் அங்கே நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. சங்கப் புலவர்கள் பாடிய முசிறி இந்த வட்டாரம்தான் என்று பலர் கருதுகிறார்கள். மிளகு வாங்க வந்த மேற்கத்திய வணிகர்களோடு யூதர்களும் வந்தார்கள் என்பது அந்தச் சமூகத்தின் நம்பிக்கை. அதில் எந்த அளவு வரலாறு, எந்த அளவு வாய்மொழி என்று பிரிப்பது கஷ்டம்.

கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று கி.பி. 1000 வாக்கில் கிடைக்கிறது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்த செப்பேடு அது. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் தனித்தனியாகப் பிரிந்து முடியாத காலத்து மொழி. ஜோசப் ரப்பான் அதில் 'இசுப்பு இறப்பான்' ஆகிவிடுகிறார். அவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் 72 'வீடுபேறும்' கிடைக்கின்றன. மோட்சம் என்று பதற வேண்டாம், இங்கே வீடுபேறு என்றால் விட்டுக்கொடுக்கப்பட்ட சலுகை, சிறப்புரிமை. பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப் பறை, காகளம், தோரணம் என்று பட்டியல் போகிறது. சொல்லுக்குச் சொல் ஒரு தமிழருக்குப் புரியும். பாவாடை என்றால் காலடியில் விரிக்கிற துணி என்று தெரிந்துகொண்டால் போதும்.

பழைய கேரளத்தில் வீட்டுக்கு முன்னால் படிப்புரை எழுப்புவதற்கும் கூரைக்கு ஓடு போடுவதற்கும்கூட ஆள்பவரின் அனுமதி வேண்டியிருந்தது. எதைக் கட்டலாம், எப்படி ஊர்வலம் போகலாம் என்பதெல்லாம் அந்தஸ்தின் கணக்கு. பரவூர் பள்ளியின் இரட்டை மாடிப் படிப்புரையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மணல் மூடச் செய்து கொச்சியைத் திறந்துவிட்டது என்பார்கள். வணிகம் நகர்ந்தது, மக்களும் நகர்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரும் கோழிக்கோட்டுச் சாமூதிரியும் கொச்சி அரசரும் மோதிக்கொண்டதில் கொடுங்கல்லூர் யூதர்களுக்கு அங்கே இருப்பே இல்லாமல் போனது. கொச்சியிலும் உப்பங்கழிகளை ஒட்டிய சந்தை ஊர்களிலும் அவர்கள் பரவினார்கள். படகில் சரக்கு வந்து இறங்குகிற பரவூர் அப்படி ஓர் ஊர்.

கட்டியவர் ஒரு முதலியார்

பரவூரில் 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெபக்கூடம் இருந்தது என்பது மரபு. இன்று நிற்கிற கட்டடத்துக்கு எபிரேயக் கல்வெட்டு இருக்கிறது. சில நூல்களில் ஆண்டு 1615, சிலவற்றில் 1616. யூத ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால் நம் கணக்கில் அது எப்போதும் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும். இந்த மாதிரி ஒரு வருட வித்தியாசத்தைப் பார்த்து யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று முடிவுக்கு வர வேண்டியதில்லை.

கட்டியவர் பெயர்தான் சுவாரசியம்: தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார். கொச்சி அரசர் யூத சமூகத்தின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் முதலியார். வழக்குத் தீர்ப்பது, அரசரிடம் சமூகத்தின் சார்பில் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. காஸ்தியேல் என்ற குடும்பப் பெயரோ ஸ்பெயினின் காஸ்டில் பகுதியை நினைவுபடுத்துகிறது. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியது. அப்படித் துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் மேற்கு ஆசியாவிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துதான் கொச்சியில் 'பரதேசி' யூதர்கள் ஆனார்கள். நம்மிடம் திட்டாகிவிட்ட அந்தச் சொல்லுக்கு இங்கே பிற தேசத்தவர் என்ற பழைய பொருள் மட்டும்தான்.

பரவூர்க்காரர்கள் பரதேசிகள் அல்லர். அதற்கும் முந்தைய மலபாரி யூதர்கள். இரண்டு பிரிவுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது. நிறத்தை வைத்து 'வெள்ளை', 'கறுப்பு' என்று பிரித்துப் பேசிய வரலாறும் உண்டு. அப்படியிருக்க, பரதேசிகளின் முதலியார் ஒருவர் மலபாரிகளின் ஊரில் கூடம் கட்டிக் கொடுத்திருக்கிறார். பிரிவினை பற்றிப் பேசும்போது இந்தக் கல்வெட்டை யாரும் அதிகம் எடுப்பதில்லை. எடுத்தால் கதை கொஞ்சம் சிக்கலாகிவிடும், அதனால் இருக்கலாம்.

1789–90இல் திப்பு சுல்தானின் படை திருவிதாங்கூர் எல்லை வரை வந்தபோது கூடம் சேதமடைந்தது என்று சொல்லப்படுகிறது. பிறகு பழுதுபார்த்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்துப் பழைய கட்டடங்களில் தட்டையான மங்களூர் ஓட்டைப் பார்த்தால் அந்தக் கூரை 1860களுக்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த ஓடு தயாராகத் தொடங்கியதே அப்போதுதான். ஆக, 1616 என்பது கல்வெட்டின் ஆண்டு. சுவர், மரம், ஓடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது.

ஐந்து கட்டங்கள்

தெருவிலிருந்து உள்ளே போகும்போது முதலில் வருவது படிப்புரை. இரண்டு மாடி, மேலும் கீழும் அறைகள், நடுவில் வழி. சாமான் வைக்கவும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கவும் இப்படிப்பட்ட அறைகள் பயன்பட்டன. அதைத் தாண்டினால் மதில் சூழ்ந்த, வானம் தெரிகிற முற்றம். முற்றத்தின் மறுபக்கம் தடித்த உருண்டைத் தூண்கள் இருபுறமும் நிற்க, கூரை போட்ட நடை. வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்கு வருகிற இடம் அது. நடையின் முடிவில் அசாரா என்ற முன்னறை. அதற்கும் உள்ளே ஜெபக்கூடம். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் மேற்கு நோக்கிப் போகின்றன. கேரளத்திலிருந்து பார்த்தால் எருசலேம் மேற்கில் இருப்பதால், தோரா என்கிற யூத வேதத்தின் சுருள்களை வைக்கிற பேழை மேற்குச் சுவரில்.

பார்க்கிற தமிழர் யாருக்கும் உடனே தோன்றுவது கோயில்தான். கோபுரம், பிரகாரம், மண்டபம், கருவறை. கேரளக் கோயிலிலும் படிப்புரை, சுற்றம்பலம், மண்டபம், ஸ்ரீகோவில் என்று இதே வரிசை. தச்சர்களும் கல்வேலைக்காரர்களும் உள்ளூர் ஆட்கள், கைக்குப் பழகியதைக் கட்டியிருப்பார்கள் என்று சொல்வது எளிது, பெருமளவு சரியும்கூட. ஆனால் இன்னொன்றும் உண்டு. அசாரா என்பது எபிரேயத்தில் எருசலேம் தேவாலயத்தின் முற்றத்துக்கு உரிய பெயர். படிப்படியாக உள்ளே நெருங்குகிற அமைப்பு அந்தத் தேவாலயத்திலும் இருந்தது. கட்டச் சொன்னவர்கள் மனதில் ஒரு வரிசை, கட்டியவர்கள் கையில் ஒரு வரிசை, இரண்டும் பொருந்திப் போயின என்றுதான் எனக்குப் படுகிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற கேள்விக்கு இந்தக் கட்டடத்தில் ஒற்றைப் பதில் இல்லை.

பழக்கங்களிலும் இந்தக் கலப்பைப் பார்க்கலாம். கேரள யூதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஜெபக்கூடத்துக்குள் போவார்கள். ஐரோப்பிய யூதர் யாராவது பார்த்தால் வியப்பார். கண்ணாடிக் கிண்ணங்களில் தேங்காய் எண்ணெய் விளக்கு எரியும். சிம்ஹத் தோரா என்ற பண்டிகையன்று சுருள்களுக்குத் தற்காலிகமாக ஓர் அலங்காரப் பேழை கட்டி, பிற்பகலில் சுருள்களோடு கூடத்தை வெளியே சுற்றி வருவார்கள். உற்சவமூர்த்தி புறப்பாடு பார்த்து வளர்ந்த அக்கம்பக்கத்தாருக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. முற்றம் எதற்கு என்பதற்கு அந்த ஊர்வலமே போதுமான பதில்.

சுவர்கள் வெட்டுக்கல்லால் ஆனவை. மண்ணுக்கு அடியிலிருந்து வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகுகிற செந்நிறத் துளைக்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. இந்தக் கல் மழை ஈரத்தைக் குடிக்கும், சுண்ணாம்பு அதை மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். பழைய கட்டடம் வைத்திருக்கிறவர்களுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. நம்மூரிலும் எத்தனை கோயில்களுக்குச் சிமென்ட் பூசிப் 'புதுப்பித்து' இருக்கிறோம் என்பதை இங்கே பேசத் தொடங்கினால் கட்டுரை திசை மாறிவிடும்.

கீழே ஒரு மேடை, மேலே ஒரு மேடை

உள்ளே நுழைந்தால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கூடம். நடுவில் தேபா, அதாவது நின்று ஓதுகிற மேடை. கடைந்த கம்பிகளால் கைப்பிடி. சுவரோரம் ஆண்கள் உட்காரும் பெஞ்சுகள். எதிரே மேற்குச் சுவரில் ஹெகால் என்கிற பேழை. மரத்தில் கொடியும் பூவுமாகச் செதுக்கி வண்ணமும் பொன்னும் பூசுவது கேரள வழக்கம். பேழையின் கதவைத் திறந்தால் உள்ளே தோரா சுருள்கள், உருளை வடிவ உறைகளில் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இனி திரும்பி நின்று மேலே பாருங்கள். நுழைந்த வாசலுக்கு மேல் ஒரு மாடி, அதில் இன்னொரு தேபா. சனிக்கிழமைகளிலும் பண்டிகைகளிலும் தோராவை அங்கிருந்துதான் வாசிப்பார்கள். மாடித் தேபாவுக்குப் பின்னால் மரச் சட்டத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் பெண்கள். அவர்கள் வருவது வேறு வழி. வெளிப்பக்கம் தனிப் படிக்கட்டு, அதிலிருந்து மேல்தளத்து மூடிய வழியாக மாடிக்கு. ஆண்களின் கூடத்தை மிதிக்காமலேயே போய்ச் சேரலாம்.

தெற்கு ஃபிரான்சில் கார்பெந்த்ரா, கவையோன் ஆகிய ஊர்களின் பழைய ஜெபக்கூடங்களிலும் ஓதுகிற மேடை மாடியில் இருக்கிறது. எனவே மாடியில் மேடை என்பது மட்டும் கேரளத்தின் தனிச்சொத்து அல்ல. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு வைத்து, நாளுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியதுதான் இங்கே மட்டும் காண்பது. ஏன் இப்படி என்பதற்குப் பல விளக்கங்கள். எனக்குப் பிடித்தது எளிமையானது: சுருள் மேலே போனால் பெண்களுக்கு மிக அருகில் வாசிப்பு நடக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் காதுக்கு ஒரு சொல்லும் தப்பாது. இந்தச் சமூகத்துப் பெண்கள் எபிரேயப் பாட்டும் அறிந்தவர்கள், மலையாளப் பாட்டும் கட்டி நோட்டுப் புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தவர்கள். ஜெபக்கூடங்களைப் பற்றிய பள்ளிப் பாட்டுகளும் அவற்றில் உண்டு. தூரத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் என்று அவர்களை எளிதாக எழுதிவிட முடியாது.

காலியான தெரு

1948இல் இஸ்ரேல் உருவானபோது கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். மலபாரி யூதர்களில் பெரும்பாலோர் போகத் தயாரானார்கள். விரட்டியவர் யாரும் இல்லை, பக்தியும் பொருளாதாரமும் சேர்ந்த முடிவு. உடனே போக முடியவில்லை. கொச்சிப் பக்கத்தில் யானைக்கால் நோய் இருந்ததால், அது தங்கள் நாட்டுக்குள் வந்துவிடுமோ என்று இஸ்ரேலியச் சுகாதாரத் துறையினர் பயந்தார்கள். அதில் சில வருடங்கள் கழிந்தன. சொத்தை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களின் பாடு சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் 1954–55 வாக்கில் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவாதிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் அவர்களை இறக்கிவிட்டார்கள். மழையும் கழியுமாக வாழ்ந்த வியாபாரிகள் பாலையில் விவசாயிகள் ஆனார்கள். நெவாதிமில் கொச்சி பாணியில் ஜெபக்கூடம் கட்டிக்கொண்டார்கள்.

பொது ஜெபம் நடக்க வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது யூத விதி. ஓர் ஊர் கிளம்பும்போது கூடம் மூடுவது இந்த எண்ணிக்கையால்தான். பத்துக்குக் கீழே போனால் கட்டடம் இருந்தும் ஜெபக்கூடம் இல்லை. ஒவ்வோர் ஊரும் இதை ஒவ்வொரு விதமாகத் தீர்த்தது. மாளாக்காரர்கள் 1955இல் கூடத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பரவூரில் மிஞ்சிய ஒருசிலர் சாவியை வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர்களும் குறைந்தார்கள். ஓடு சரிந்தால் மாற்ற ஆளில்லை. மழை உள்ளே இறங்கியது, மரத்தைக் கரையான் தின்றது.

மீட்டதும் மீளாததும்

பேழையும் தேபாவும் 1990களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபக்கூடத்தின் உட்புறத்தை, செதுக்கிய மரக் கூரை உட்பட, அப்படியே பொருத்திக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்துக்குள் நிற்பது பரவூர்ப் பேழை. ஓர் ஊரின் கூரைக்குக் கீழே இன்னோர் ஊரின் பேழை. பல நூறு ஆண்டுகள் எருசலேமை நோக்கி நின்றது எருசலேமுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் போனது பொருள் மட்டும். அதை எதிர்நோக்கி நடந்து வருகிற ஐந்து கட்டங்களும் பரவூரிலேயே இருக்கின்றன.

முசிறிப் பாரம்பரியத் திட்டத்தை கேரள அரசு தொடங்கியபோது பரவூர் பள்ளியும் அதில் வந்தது. பாதுகாப்புப் பணியை வழிநடத்தியவர் சென்னையைத் தளமாகக் கொண்ட கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, மரத்துக்கு மரம் என்று பழைய முறையிலேயே வேலை நடந்தது. 2013 வாக்கில் பணி முடிந்தது. காலியாகக் கிடந்த இடத்தில் பேழைக்கும் தேபாவுக்கும் நகல் செய்து வைத்தார்கள்.

நகல் வைத்தது சரியா? பாதுகாப்புத் துறையில் இதற்கு எதிர்ப்பு உண்டு. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால் என்ன நடந்தது என்பதைச் சுவரே சொல்லும் என்பார்கள். நான் நகலின் பக்கம்தான். மேற்குச் சுவர் மொட்டையாக இருந்தால், படிப்புரையிலிருந்து தொடங்கும் அந்த நடைக்கு முடிவே இல்லாமல் போய்விடும். ஒரு நிபந்தனை மட்டும்: இது நகல், மூலம் இன்ன இடத்தில் இருக்கிறது என்பதை பார்வையாளர் தேடாமலே பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும்.

பக்கத்துச் சேந்தமங்கலத்தில் நிலைமை வேறு. கொச்சி அரசின் பரம்பரை மந்திரிகளான பாலியத்து அச்சன்மாரின் ஊர் அது. அங்கிருக்கும் சிறிய பள்ளியைத் தொல்லியல் துறை செப்பனிட்டு, 2006இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சிவப்பும் பச்சையும் பொன்னுமாக அதன் பேழை இடத்திலேயே இருக்கிறது. நீண்ட நடை கிடையாது, வாசலைத் தாண்டினால் கூடம். வெளியே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்று கருதப்படும் கல்லறைக் கல். இஸ்ரவேலின் மகள் சாரா என்ற பெண்ணுடையது. கி.பி. 1269க்குச் சமமான ஆண்டு அதில் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்கிறார்கள். பேழையும் கல்லும் சேந்தமங்கலத்தில், முழு வரிசை பரவூரில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் ஒரு கூடம் மனதில் முழுமையாக எழும். ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

கடவும்பாகத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். உட்புறத்தைக் கழற்றிக் கொடுத்த பிறகு மட்டாஞ்சேரியில் மிஞ்சியது வெற்றுச் சுவர்கள். பாதுகாக்கச் சொல்லிப் பலர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, 2019 செப்டம்பர் மழையில் அதன் முன்பகுதி இடிந்து விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பெரியாறு பெருகிப் பரவூரும் சேந்தமங்கலமும் தண்ணீரில் தத்தளித்தன. சேந்தமங்கலத்துக் கைத்தறிகள் நாசமாயின, சேறு படிந்த துணியிலிருந்து சேக்குட்டி பொம்மை செய்து விற்றார்கள். பரவூர் பள்ளி அந்த வெள்ளத்தையும் தாண்டி நிற்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஓட்டைச் சரிபார்க்க அங்கே ஆள் இருக்க வேண்டும்.